பண்டிகையில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், வீட்டில் இருக்கும் தாத்தா, ஆச்சிமாருக்கும்,



கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு அட்வெந்து ஞாயிறுகள் நெருங்கிவிட்டன. யாருக்கு என்ன துணி, எந்தக் கடையில் கேக், எத்தனை நாள் லீவு, ஊருக்கு ரயிலா பஸ்ஸா என்று வீடுகளில் பேச்சு ஆரம்பித்திருக்கும். அந்தப் பேச்சு முடிவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். இந்த வருடம் உங்கள் பிள்ளைக்குப் பண்டிகையில் ஒரு வேலை கொடுங்கள். ஒப்புக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம். அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் வீட்டில் அது நடக்காது என்கிற மாதிரி ஒரு வேலை.

ஜனவரி முதல் ஞாயிறு வகுப்பில், "பண்டிகை எப்படி இருந்தது?" என்று பிள்ளைகளைக் கேட்பது என் வழக்கம். சில பிள்ளைகள் என்னென்ன கிடைத்தது என்று சொல்லும். ஷூ, வாட்ச், சைக்கிள். அதோடு பேச்சு நின்றுவிடும். வேறு சில பிள்ளைகளை நிறுத்தவே முடியாது. மாவு கரைக்கும்போது தேங்காய்ப்பால் போதாமல் போனது, ஸ்டார் பல்பு எரியவில்லை என்று அப்பா இருட்டில் ஏணிமேல் நின்றது, எதிர்வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகையில் நாய் துரத்தியது என்று கதை கதையாக வரும். இந்தப் பிள்ளைகள் வசதியான வீட்டிலிருந்தும் வருகிறார்கள், கஷ்டப்படுகிற வீட்டிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் எல்லாரையும் வீட்டார் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் நான் பார்த்த வரையில் பொதுவான விஷயம். வளர்ந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிறகு டிசம்பரில் எப்பாடுபட்டாவது ஊர் வந்து சேருகிறவர்களிலும் இவர்கள்தான் அதிகம்.

இன்றைக்குப் பண்டிகையில் முக்கால்வாசி, முடித்த பொருளாகவே வீட்டுக்குள் வருகிறது. ஸ்டார் பெட்டியில் வருகிறது. குடில் பொம்மைகளும் கொட்டகையும் சேர்த்து ஒட்டியே வருகின்றன. பலகாரம் கிலோ கணக்கில் வருகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது தவிர்க்க முடியாதது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எல்லாமே முடிந்து வந்துவிட்டால் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது பார்ப்பதும் தின்பதும்தான். சொந்த வீட்டுப் பண்டிகைக்கே அது விருந்தாளியாகிவிடும். ஒன்றே ஒன்றை மட்டும் வாங்காமல் விட்டுவையுங்கள். அதை வீட்டில் செய்யுங்கள்.

இன்று உலகமெங்கும் சபைகளில் இருக்கும் சில கிறிஸ்துமஸ் வழக்கங்கள் பிள்ளைகளின் பொருட்டே பிறந்தவை என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றுகிறோமே, அந்த அட்வெந்து வளையத்தைத் தொடங்கியவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர். கிறிஸ்துமஸ் எப்போது, கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவர் 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் அதில் வைத்தார். நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். எத்தனை நாள் இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். அதே ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியத் திருச்சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 1830-களில், கணக்குப் பாடத்துக்காகப் பையன்கள் காகிதத்தில் செய்த பல முனை நட்சத்திரம்தான் பிற்பாடு வீட்டு வாசல்களுக்கு வந்தது. இரண்டிலும் பிள்ளைகளின் கையும் கேள்வியும் இருக்கின்றன. விலைக்கு வாங்கிய அலங்காரமாக அவை தொடங்கவில்லை.

நம் ஊரிலும் ஸ்டார் கட்டுவது பையன்கள் வேலையாகவே இருந்தது. டிசம்பர் பிறந்தால் மூங்கில் தேடிப் போவார்கள். செய்யத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கஷ்டமே இல்லை. ஒரே நீளத்தில் பத்து மூங்கில் சிம்புகள் சீவிக்கொள்ளுங்கள். ஐந்தைச் சேர்த்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தில் இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சணல் நூலால் இறுக்குங்கள். உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவில் கையளவுக் குச்சிகளை நிறுத்தினால், சப்பையாகக் கிடந்தது வயிறு உப்பி எழுந்து நிற்கும். அந்த நிமிடத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பிறகு மைதாப் பசை காய்ச்சி வண்ணத் தாள் ஒட்ட வேண்டும். அடியில் பல்பு மாட்ட ஒரு பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். முன்பெல்லாம் குண்டு பல்பு சூட்டில் தாள் கருகும். இப்போது எல்இடி பல்பு இருப்பதால் அந்தப் பயம் குறைவு. மூங்கில் சீவுவதும் மின் இணைப்பும் பெரியவர்கள் பாடு. கட்டுவதும் ஒட்டுவதும் முழுக்கப் பிள்ளைகளுக்கு. ஒரு முனை கோணலாக இருந்தால் அதைப் பிரித்து நீங்கள் திரும்பக் கட்டாதீர்கள். கோணலாகவே வாசலில் தொங்கட்டும்.

அடுப்படிக்கு வருகிறேன். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் இல்லாமல் நம் பக்கத்துப் பண்டிகை ஏது? ஆனால் பண்டிகைக்கு முந்தைய நாள்களில் அம்மாமாரும் ஆச்சிமாரும் அடுப்பு முன்னால் வெந்துபோகிறார்கள், மற்றவர்கள் டிவி பார்க்கிறார்கள் என்றால் அந்த வழக்கத்தை மாற்றத்தான் வேண்டும். முந்திரிக்கொத்து தனி ஒருத்தி செய்யக்கூடிய பலகாரமே இல்லை. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றிக் கிளறினால், கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும். அதற்கு நான்கைந்து ஜோடிக் கை வேண்டும். அப்பா, பிள்ளைகள், சித்தப்பா எல்லாரும் சுற்றி உட்கார்ந்து உருட்ட வேண்டிய பலகாரம் அது. அச்சு முறுக்கு வேறு மாதிரி. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த மாவில், எண்ணெயில் காய்ந்த அச்சை முக்கால் ஆழம்தான் முக்க வேண்டும். அச்சின் தலைவரை மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழன்று வராது. இந்தப் பக்குவம் புத்தகத்தில் படித்து வருவதில்லை, ஆச்சியின் பக்கத்தில் நின்றுதான் வரும். சின்னப் பிள்ளைகளை எண்ணெய்ச் சட்டி அருகே விடாதீர்கள். ஆறின முறுக்கை உடையாமல் தகரத்தில் அடுக்குவதை அவர்களிடம் கொடுங்கள். வளர்ந்த பிள்ளை அச்சைப் பிடிக்கட்டும், ஆண் பிள்ளையானாலும்.

அதைவிடப் பெரிய வேலை பலகாரத் தட்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுக்குமாடி வீடுகளுக்குப் போன பிறகு பலர் விட்டுவிட்ட வழக்கம் இதுதான். தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது, ரம்ஜானுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து பிரியாணி வந்தது. நம் முறை டிசம்பரில் வருகிறது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்ற மரியாதை எல்லா வீட்டுக்கும் பொது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் ஒரு தெரு தெருவாக இருக்கிறது. யார் யாருக்குத் தட்டு போக வேண்டும் என்ற பட்டியலைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அது எழுதும் பெயர்கள் உங்களுக்கே புதிதாக இருக்கும். பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன், தெருவைக் கூட்டுகிற அக்கா, மாடியில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற சார். நாம் மறந்த ஆட்களைப் பிள்ளைகள் மறப்பதில்லை. தட்டுகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு வையுங்கள், எஞ்சியதைக் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். தட்டைப் பிள்ளையே கொண்டுபோகட்டும், கதவைத் தட்டட்டும், வணக்கம் சொல்லட்டும், அவர்கள் உட்காரச் சொன்னால் ஐந்து நிமிடம் உட்காரட்டும். பெரிய மனிதர்களோடு பேசக் கூச்சப்படுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கையில் தட்டு இருக்கும்போது ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

உதவி செய்வதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். வாங்குகிற பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கலாம். உங்கள் பிள்ளைக்கு எந்தக் கடையில் எடுத்தீர்களோ அதே கடையில் எடுங்கள்.

இனி வாசிப்பு. 24-ஆம் தேதி இரவோ, பண்டிகை நாள் விடியற்கால ஆராதனைக்குப் புறப்படும் முன்னோ, வீட்டில் குடும்ப ஜெபத்தில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் இருபது வசனங்களை வாசிப்பது பழைய வழக்கம். தாத்தா வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். இந்த வருடம் அதைப் பிள்ளையிடம் கொடுங்கள். உங்களில் பலர் என்னிடம் தயங்கிச் சொல்லியிருக்கிறீர்கள், "பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது டீச்சர்" என்று. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட சொற்களில் தடுக்கி விழத்தான் செய்யும். இருபது வசனம்தானே. இன்றைக்குத் தொடங்கி நாளுக்கு ஒரு வசனம் வாசித்துப் பழகினால் பண்டிகைக்குள் முடித்துவிட்டுத் திரும்பவும் ஒருமுறை பார்க்க நாள் இருக்கும். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழில்தான் வந்தது. மிஷனரி சீகன்பால்க் ஐயர் மொழிபெயர்க்க, தரங்கம்பாடியில் 1715-இல் முழுவதும் அச்சாகி முடிந்தது. முந்நூறு வருடமாக நம் வீடுகளில் தமிழில் ஒலிக்கிற கதையை நம் பிள்ளை வேறு மொழியில் மட்டும் தெரிந்து வளர்ந்தால், ஆச்சியோடு சேர்ந்து அதைச் சொல்ல அதற்கு வழியிருக்காது. தடுமாறி வாசிக்கட்டும். நடுவில் திருத்தாதீர்கள். சிரிக்கிற மாமா யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாட்டும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைச் சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னரும் அதே ஐயரிடம் பாடம் கேட்டவர். சாஸ்திரியார், குறத்தி வந்து குறி சொல்கிற குறவஞ்சியை எடுத்து அதில் கிறிஸ்துவின் கதையைப் பாடினார், அது பெத்லகேம் குறவஞ்சி. அவருடைய கீர்த்தனைகளை அவர் வழிவந்தவர்கள் காலட்சேபமாக நடத்தி வந்திருக்கிறார்கள். நம் ஆராதனையிலும் பாடுகிறோம். வீட்டில்? போனில் ஓடுகிற பாட்டுக்கு நாம் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். பாடத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். டிசம்பர் முழுவதற்கும் ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டார் எல்லாரும் சேர்ந்து அதையே பாடுங்கள். எந்தக் கீர்த்தனை என்று பிள்ளை தீர்மானிக்கட்டும். வீடு வீடாகப் பாடி வரும் கீத பவனி உங்கள் வாசலுக்கு வருகிற இரவில் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கிப் பாடச் சொல்லுங்கள், நீங்களும் படிக்கு வந்து நின்று சேர்ந்து பாடுங்கள். நள்ளிரவு தாண்டி வந்தாலும் பிள்ளையை எழுப்புங்கள், தூக்கம் கெட்டால் மறுநாள் தூங்கிக்கொள்ளலாம்.

அப்பாமாரோடு தனியாக ஒரு வார்த்தை. ஓய்வுநாள் பள்ளிக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் அம்மாமார்தான் வருகிறார்கள், கலைநிகழ்ச்சிக்கு உடை தைப்பதும் அவர்கள்தான். ஆனால் அப்பாமாருக்கும் இதில் இடம் உண்டு என்பதற்கு ஒரு காப்பியமே சாட்சி. வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3,615 பாடல்கள் பாடினார். அந்தப் பெரிய காப்பியத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தச்சராகிய யோசேப்பு, அவர் வைத்த தமிழ்ப் பெயரில் வளன். நான்கு சுவிசேஷங்களில் தேடினாலும் யோசேப்பு பேசியதாக ஒரு வசனம் கிடையாது. இரவோடு இரவாக எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனதும், திரும்பி வந்து நாசரேத்தில் குடியமர்த்தியதும், கைத்தொழில் செய்து காப்பாற்றியதும்தான் அவர். அப்பாமாரே, உங்களுக்கும் பேச வராவிட்டால் பரவாயில்லை. குடில் கட்டுவதை நீங்களும் பிள்ளையுமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குடிலைப் பற்றிச் சொல்லப்படுவது இதுதான். இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் 1223-இல் அசிசி பிரான்சிஸ், கிறிஸ்து பிறந்த இடத்தின் ஏழ்மையை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜமான ஒரு காளை, ஒரு கழுதை. அவ்வளவுதான் ஏற்பாடு. சுற்றுவட்டார மக்கள் தீவட்டியும் மெழுகுவர்த்தியுமாக இரவில் மலையேறி வந்தார்கள். மினுக்கும் விளக்குச் சரத்தில் நம் குடில்கள் மூழ்கிப்போகும்போது எனக்கு அந்தத் தொட்டியும் வைக்கோலும் நினைவுக்கு வரும். நம் வீட்டுக் குடிலுக்கு வேண்டியது பழைய சாக்கு, ஆற்று மணல், கொஞ்சம் வைக்கோல். மலைக்குச் சிமெண்ட் பைக் காகிதத்தைக் கசக்கி நிறம் பூசலாம். புல்லை வாங்க வேண்டாம், கேழ்வரகை ஊறவைத்து ஒரு தட்டில் மண் பரப்பித் தூவி, தினமும் தண்ணீர் தெளித்துவந்தால் பத்து நாளில் பச்சையாக எழும்பிவிடும். தண்ணீர் தெளிப்பது வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்கான வேலை. குழந்தை சுரூபத்தை முதலிலேயே வைத்துவிடாதீர்கள். 24-ஆம் தேதி இரவு வரை தொட்டி காலியாக இருக்கட்டும். ஞானிகளை அறையின் மறுகோடியில், அலமாரிமேலோ புத்தகத் தட்டிலோ நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி ஜனவரி 6-இல் குடிலுக்குக் கொண்டு சேருங்கள். பண்டிகை 25-ஆம் தேதி மத்தியானத்தோடு முடிந்துபோகாமல் இருக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இது.

இந்த வருடம் பண்டிகை கொண்டாட மனமில்லாத வீடுகளும் நம் சபையில் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன். துக்கம் நடந்த வருடத்தில் பலகாரம் சுடாமல் இருப்பது பல குடும்பங்களில் வழக்கம். அந்த வீட்டுக்கு உற்றார் உறவினர் பலகாரம் கொண்டுபோவதும் அந்த வழக்கத்தின் பாதி. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் அந்த வீடு தனியாகிவிடும். கன்னியாகுமரிக் கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலையில், கடல் ஊருக்குள் வந்தது. அன்றிலிருந்து அந்த ஊர்களில் 25-ஆம் தேதி பண்டிகையும் 26-ஆம் தேதி கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியுமாக நினைவு நாளும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை அவர்கள் விட்டுவிடவில்லை. உங்கள் வீட்டில் இந்த வருடம் ஒருவர் இல்லையென்றால் அவர் செய்துவந்த வேலை எது என்று பிள்ளைகளோடு பேசுங்கள். தாத்தா ஸ்டார் மாட்டுவாரா? அத்தை கோலம் போடுவாளா? அந்த வேலையை ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். அழுகை வந்தால் வரட்டும், பிள்ளைகள் முன்னால் பெரியவர்கள் அழுவதில் தவறு ஒன்றும் இல்லை.

பிள்ளைகளை இங்கே தாத்தா ஆச்சியிடம் விட்டுவிட்டு வளைகுடாவில் வேலை பார்க்கிற பெற்றோரே, நீங்களும் இதில் உண்டு. வீடியோவில் பண்டிகையைக் காட்டச் சொல்லாதீர்கள், வேலை வாங்குங்கள். குடிலில் இன்றைக்குப் புல் எவ்வளவு வளர்ந்தது, தட்டுப் பட்டியலில் யாரெல்லாம் சேர்ந்தார்கள், எத்தனையாவது வசனத்துக்கு வந்திருக்கிறாய் என்று தினமும் கேளுங்கள். "சாப்பிட்டாயா, படித்தாயா"வோடு முடிந்துபோகிற போன் பேச்சுக்கு டிசம்பரில் பேச நிறைய விஷயம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முயலாதீர்கள். அப்படிச் செய்தால் களைப்பும் கோபமும்தான் மிஞ்சும், அந்தக் கோபம் பிள்ளைகள்மேல்தான் விழும். ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை போதும். அதையே அடுத்த வருடமும் அதே பிள்ளையிடம் கொடுங்கள். மூன்றாம் வருடம் நீங்கள் மறந்தாலும் அது வந்து கேட்கும்.

அட்வெந்து முதல் ஞாயிறு அன்று வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை கேழ்வரகு கொடுக்கப்போகிறேன். விளிம்புள்ள சின்னத் தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். ஸ்டார் கட்ட விரும்பும் வீடுகளுக்கு மூங்கில் ஏற்பாடு செய்ய வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை வேண்டும் என்று அந்த ஞாயிறுக்குள் சொல்லிவிட்டால் அவர்கள் வெட்டிக்கொண்டுவர வசதியாக இருக்கும். உங்கள் பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புங்கள். ஜனவரி முதல் ஞாயிறு நான் கேட்கப்போவது அதைப் பற்றித்தான்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை